ஓசையின்றித் தொடங்கிய பள்ளி

யூபிலி கொண்டாடும் வேளையில் கோயிலுக்கு அடித்தளம் இட்டவர்களையும், மணிக்கூண்டு எழுப்பியவர்களையும், பீடம் அமைக்கப் பொருள் தந்தவர்களையும் நன்றியோடு நினைவு கூர்கிறோம். அவர்களுடைய பெயர்கள் பளிங்குக் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் நம் பாட்டிமாருக்கு முதன்முதல் 'அ' எழுதக் கற்றுத் தந்தவர்களின் பெயர்களை எந்தக் கல்லில் தேடுவது? பெண் பிள்ளைகளின் கல்வி பெரும்பாலும் ஓசையின்றித்தான் தொடங்கியது. அப்படித் தொடங்கிய ஒரு சிறு பள்ளியின் வரலாற்றை இம்மலர் வாயிலாகப் பங்கு மக்களின் முன் வைக்க விழைகிறேன். அப்பள்ளி தோன்றியது ஏழு கடல் தாண்டிய அயர்லாந்து நாட்டில். ஆயினும் அதன் கிளையொன்று நம் சென்னைப் பட்டணத்தில் வேரூன்றி 180 ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆகவே அது நமக்கு அந்நியக் கதையன்று.

கல்வி குற்றமாயிருந்த நாடு

பதினெட்டாம் நூற்றாண்டு அயர்லாந்தில் மக்களுள் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். ஆட்சியோ இங்கிலாந்தின் கையில் இருந்தது. கத்தோலிக்கரின் நிலமும் செல்வாக்கும் மீண்டும் தலையெடுக்காதிருக்கும்படி அடுக்கடுக்காகச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றைத் தண்டனைச் சட்டங்கள் என வரலாறு அழைக்கிறது. 1695-ஆம் ஆண்டுச் சட்டம் இரு பக்கமும் கூரான வாளைப் போன்றது. கத்தோலிக்கர் தம் பிள்ளைகளைக் கல்விக்காக வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்றது ஒரு விதி. உள்நாட்டிலும் கத்தோலிக்கர் எவரும் பள்ளி நடத்தக் கூடாது என்றது மற்றொரு விதி. மீறிக் கற்பித்தவருக்கு 20 பவுன் அபராதம், மூன்று மாதச் சிறை.

இது போதாதென்று 1709-இல் இன்னொரு சட்டம் வந்தது. மறைந்து கற்பிக்கும் கத்தோலிக்க ஆசிரியரைக் காட்டிக் கொடுப்பவருக்கு 10 பவுன் பரிசு என அது அறிவித்தது. அப்பரிசுப் பணத்தையும் அவ்வட்டாரத்துக் கத்தோலிக்கரிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்பது விதி! தம் பிள்ளையின் வாத்தியாரைப் பிடித்துக் கொடுத்தவனுக்குக் கூலியையும் தாமே கொடுக்க வேண்டிய கொடுமையை என்னென்பது?

ஆயினும் மக்கள் ஓய்ந்துவிடவில்லை. வயல் வரப்புகளிலும் வேலியோரங்களிலும் பாழடைந்த குடிசைகளிலும் பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஊர் ஊராய்த் திரிந்த ஆசிரியர்கள் பாடம் சொன்னார்கள். 'வேலிப் பள்ளிகள்' என்று அவற்றுக்குப் பெயர். வசதி படைத்த குடும்பங்கள் தம் பிள்ளைகளைக் கள்ளத்தனமாய்க் கப்பலேற்றி பிரான்சு நாட்டுக்கு அனுப்பின. 1733 முதல் அரசு ஆதரவுடன் நடந்த தரும பள்ளிகளில் சேரலாம். ஆனால் அங்கே சேரும் ஏழைப் பிள்ளை தன் பெற்றோரின் மறையை விட்டுவிட வேண்டும். நகரத்துச் சந்துகளில் வாழ்ந்த ஏழைப் பெண் பிள்ளைக்கோ இவற்றுள் எதுவும் எட்டவில்லை. அவளுக்கு எழுத்தும் இல்லை. செபமும் சரிவரத் தெரியாது. பிழைக்க ஒரு கைத்தொழிலும் இல்லை.

செல்வக் குடியில் பிறந்த பெண்

1718-இல் கார்க் மாவட்டத்தில் பிளாக்வாட்டர் ஆற்றின் கரையிலுள்ள பாலிகிரிஃபின் என்னும் ஊரில் ஒனோரா நேகிள் பிறந்தார். வீட்டில் செல்லமாக நானோ என்று அழைத்தனர், அப்பெயரே நிலைத்துவிட்டது. நேகிள் குடும்பம் பழமையான கத்தோலிக்கக் குடும்பம். இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் புகழ் பெற்ற எட்மண்ட் பர்க்கின் தாயாரும் இதே நேகிள் வம்சத்தவர்தாம். சட்டங்களின் கெடுபிடிக்கு இடையிலும் நிலபுலன்களை ஓரளவு காத்துக் கொண்டவர்கள் இவர்கள். நானோவும் அக்கால வழக்கப்படி பிரான்சுக்குச் சென்று கல்வி பயின்றார். பின்னர் பாரிஸ் மாநகரில் விருந்தும் நடனமும் நிறைந்த வாழ்வில் சில ஆண்டுகள் திளைத்தார்.

ஒருநாள் அதிகாலையில் நடன விருந்து முடிந்து வண்டியில் திரும்புகையில், கோயில் கதவு திறப்பதற்காக வாசலில் காத்து நின்ற ஏழைத் தொழிலாளரை அவர் கண்டார் என்றும், அக்காட்சி அவர் உள்ளத்தைத் தைத்தது என்றும் வழிவழியாகச் சொல்வர். 1746-இல் தந்தை இறந்தபின் நானோ தாயகம் திரும்பி, தாயுடனும் தங்கை ஆனுடனும் டப்ளின் நகரில் வசித்தார். பாரிஸிலிருந்து தாம் கொண்டு வந்த பட்டுத் துணியை ஆடை தைக்க எடுத்துத் தரும்படி தங்கையிடம் கேட்டாராம். அதை விற்று ஓர் ஏழைக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டதாகத் தங்கை சொன்னாராம். அத்தங்கை விரைவிலேயே இறந்து போனார். தாயாரும் மறைந்தார்.

ஊரில் தம் குடும்பத்து நிலத்தில் பாடுபட்ட குடியானவர்களின் பிள்ளைகளை நானோ கூர்ந்து கவனித்தார். அவர்களுடைய அறியாமை அவரை வாட்டியது. ஆனால் சட்டத்தை எதிர்த்துத் தன்னந்தனிப் பெண் என்ன செய்ய முடியும்? மன்றாடியாவது இவர்களுக்கு உதவுவோம் என்றெண்ணித் துறவற மடம் புகுவதற்காக மீண்டும் பிரான்சுக்குப் போனார். அங்கும் அவருக்கு அமைதி கிட்டவில்லை. நாட்டுப் பிள்ளைகளின் முகங்களே கண்முன் நின்றன. ஆன்ம குருவோ, இந்த உள்ளத் தூண்டுதலைத் தட்டிக் கழித்தால் உம் மீட்புக்கே ஆபத்து என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நானோ கப்பலேறினார்.

கோவ் லேனில் முப்பது சிறுமியர்

கார்க் அக்காலத்தில் வணிகம் பெருகிய துறைமுகப் பட்டணம். வெண்ணெயும் உப்பிட்ட இறைச்சியும் அங்கிருந்து கப்பல் கப்பலாய் அயல் நாடுகளுக்குச் சென்றன. துறைமுகத்தின் செல்வம் ஒரு புறம். குறுகிய சந்துகளில் நெருக்கியடித்த வறுமை மறுபுறம். நானோ தம் சகோதரர் ஜோசப்பின் வீட்டில் தங்கினார். 1754 வாக்கில், கோவ் லேன் என்னும் சந்தில் ஓர் எளிய குடிசையில் அவருடைய முதல் பள்ளி தொடங்கியது.

எப்படித் தொடங்கியது என்பதை 1769-இல் தோழி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே விவரித்திருக்கிறார். தம் திட்டத்தை ஆன்ம குரு ஒருவரைத் தவிர வேறெவரிடமும் அவர் சொல்லவில்லை. தாமே முன்னால் வர இயலாத நிலையாதலால், பணிப்பெண்ணை அனுப்பி நல்ல ஆசிரியை ஒருவரைத் தேடச் செய்தார். முப்பது ஏழைச் சிறுமிகளைச் சேர்க்கச் செய்தார். பள்ளி அமைந்தபின் காலையில் ஒருவரும் அறியாதபடி அங்கே போய் வருவார். கோயிலுக்குச் சென்றிருக்கிறாள் என்று வீட்டில் நினைத்துக் கொண்டார்கள்.

ஏன் இத்தனை மறைவு? தமக்கு வரும் துன்பத்தை அவர் பெரிதாக எண்ணவில்லை. தம்மால் குடும்பத்துக்குக் கேடு வருமே என்பதுதான் அவருடைய அச்சம். அவருடைய தந்தையின் உடன்பிறந்தாரான ஜோசப் நேகிள் ஆட்சியாளரின் வெறுப்புக்கு மிகவும் ஆளாகியிருந்தவர். ஒரு காரணம் கிடைத்தால் குடும்பம் முழுவதையும் நசுக்கிவிடக் காத்திருந்தவர்கள் உண்டு. அந்நாளில் சட்டத்தின் பிடி சற்றுத் தளர்ந்திருந்தது என்றாலும், ஏட்டில் அது உயிரோடுதான் இருந்தது. எந்த நேரத்திலும் எவரும் அதைத் தூக்கிப் பிடிக்கலாம்.

ரகசியம் வெளிப்பட்டது

இரகசியத்தைக் காட்டிக் கொடுத்தது ஒற்றனுமல்லன், பகைவனுமல்லன். ஓர் ஏழைத் தகப்பன். ஒருநாள் அவன் ஜோசப்பின் வீட்டு வாசலுக்கு வந்து, தன் பிள்ளையை அம்மையாரின் பள்ளியில் சேர்த்துக்கொள்ளச் சிபாரிசு செய்யும்படி கெஞ்சினான். ஜோசப்புக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளே வந்து தம் மனைவியிடமும் நானோவிடமும், நம் நானோவைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா என்று எண்ணிக் கொண்டு ஒரு பைத்தியக்காரன் வந்திருக்கிறான் என்று சொல்லி நகைத்தார். அப்போது நானோ, ஆம், நான்தான் பள்ளி வைத்திருக்கிறேன் என்று ஒப்புக் கொண்டார்.

சகோதரருக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. இதனால் குடும்பத்துக்கு விளையக்கூடிய தீங்குகளை எல்லாம் எடுத்துச் சொல்லிச் சீறினார். அவர் மறைப்பற்று மிக்கவர்தாம்; உலக நலன்களைப் பற்றிய கவலை முதலில் அவர் கண்ணை மறைத்தது என்று நானோவே பரிவுடன் எழுதுகிறார். சில நாட்களில் கோபம் தணிந்தது. எவருக்காக மிகவும் அஞ்சினாரோ அந்தப் பெரியவரும் சினம் கொள்ளவில்லை. மாறாக, குடும்பத்தார் அனைவரும் பள்ளிக்குத் தாராளமாய்ப் பொருளுதவி செய்யலாயினர். அப்பெரியவர் இறந்தபோது தம் செல்வத்தில் பெரும் பகுதியை நானோவுக்கே விட்டுச் சென்றார். அது முழுவதும் பள்ளிகளுக்குப் போயிற்று.

அன்று வாசலில் நின்ற அந்தத் தகப்பனின் பெயரை எந்த நூலும் குறித்து வைக்கவில்லை. ஆனால் அவன் வந்திராவிட்டால் அப்பள்ளி எத்தனை காலம் ஒரு குடிசைக்குள்ளேயே ஒடுங்கிக் கிடந்திருக்குமோ! சந்தில் வாழ்ந்த கூலிக்காரன் ஒருவன், தன் பிள்ளைக்கும் படிப்பு வேண்டும் என்று கூச்சமின்றி ஒரு பெரிய வீட்டின் கதவைத் தட்டினான். பள்ளிகளின் வரலாற்றை எழுதும்போது கொடுத்தவர்களை மட்டும் எழுதுகிறோம். கேட்டவர்களுக்கும் அதில் ஓர் இடம் உண்டு.

பள்ளியில் ஒரு நாள்

பரபரப்புக் காட்டாமல் சிறிது சிறிதாகப் பிள்ளைகளைச் சேர்த்தார் நானோ. ஒன்பது மாதத்தில் முப்பது ஏறத்தாழ இருநூறாயிற்று. நன்மையைக் கண்ட கத்தோலிக்க மக்கள், நகரின் மறுகோடியிலும் பள்ளி வைக்க வேண்டினர். அங்கும் அதே அளவு பிள்ளைகள் சேர்ந்தனர். பெண்களுக்கு மட்டும் என்றுதான் அவர் எண்ணியிருந்தார். அண்ணியார் விடவில்லை. ஆண் பிள்ளைகளையும் சேர்த்தால்தான் குடும்பத்தார் பணம் தருவார்கள் என்று நிபந்தனை போட்டார்! அதன்படி தனி வீட்டில், தனி ஆசிரியரிடம், நாற்பது சிறுவர் சேர்க்கப்பட்டனர். 1769-இல் பெண்களுக்கு ஐந்தும் ஆண்களுக்கு இரண்டுமாக ஏழு பள்ளிகள் நடந்தன.

காலை எட்டு மணிக்குப் பள்ளி திறக்கும். பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகள் உணவுக்குப் போவார்கள். மாலை ஐந்து மணிக்குப் பள்ளி விடும். நாள்தோறும் பூசை காண்பார்கள். காலை மாலை செபம் சொல்வார்கள். ஞானோபதேசத்தை வினாவும் விடையுமாக எல்லாரும் சேர்ந்து ஒப்பிப்பார்கள். சனிக்கிழமைதோறும் செபமாலை. மாதம் ஒருமுறை பாவசங்கீர்த்தனம். பெண் பிள்ளைகள் முதலில் வாசிக்கக் கற்றனர். ஞானோபதேசம் மனப்பாடமானபின் கைவேலை பழகினர். படித்த பெண் பசித்திருக்கக் கூடாது என்பது அவர் கருத்து. ஊசியும் நூலும் அன்று ஏழைப் பெண்ணுக்குச் சோறு போட்ட கருவிகள்.

ஆண்டுக்கு இருமுறை ஒரு குழுவைப் புது நன்மைக்கு ஆயத்தம் செய்யும் பொறுப்பை அம்மையார் தாமே மேற்கொண்டார். தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் பேச வேண்டியிருந்தது. நெஞ்சு பலவீனமானவர், தொடக்க நாட்களில் இரத்தம் உமிழ்ந்தார். அதையும் மறைத்தார். தெரிந்தால் பிள்ளைகளுக்குப் போதிக்கவிடாமல் தடுத்துவிடுவார்களே என்ற பயம்! இவ்வளவையும் எழுதிவிட்டு, இப்பள்ளிகளால் தமக்கு மோட்சம் கிட்டாது என்றே அடிக்கடி தோன்றுகிறது; இவற்றில் தமக்குக் கிடைப்பது மகிழ்ச்சி மட்டுமே என்று அவர் சொல்வதை என்ன பணிவென்று புகழ்வது! பகலில் பள்ளிகள், இருட்டிய பின் கையில் இராந்தலுடன் நோயாளிகளின் குடிசைகள். 'இராந்தல் ஏந்திய அம்மையார்' என்னும் பெயர் இன்றும் அவருக்கு வழங்கி வருகிறது.

ஏழையே ஏழைக்கு ஆசிரியர்

அக்கடிதத்தில் ஒரு கருத்து தனித்து நிற்கிறது. தம் பிள்ளைகள் அனைவரையும் பிறருக்குக் கற்பிப்பதில் ஆவல் கொண்டவர்களாய் வளர்ப்பதாக அம்மையார் எழுதுகிறார். காரணமும் கூறுகிறார்: இவ்வகையில் செல்வரைவிட ஏழைகளாலேயே அதிக நன்மை செய்ய முடியும் என்பது அவர் எண்ணம். கார்க் துறைமுகத்திலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்லவிருந்த சிறுவர்கள், அங்கே அடிமைகளாய் வாடிய கறுப்பின மக்களுக்கு மறையறிவு புகட்டுவோம் என்று அவருக்கு வாக்குறுதி தந்திருந்தனர்.

பங்கு மக்கள் இதைச் சற்றே சிந்திக்க வேண்டும். தருமம் செய்பவர் பலரும், கொடுப்பவர் கையும் வாங்குபவர் கையும் என்றென்றும் அப்படியே இருக்கும் என்று எண்ணிக் கொடுக்கின்றனர். நானோ அம்மையார் அப்படி எண்ணவில்லை. இன்று தரையில் அமர்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுமி நாளை தன் தாய்க்கும் தங்கைக்கும் அண்டை வீட்டாருக்கும் ஆசிரியை ஆவாள் என்று நம்பினார். ஒரு பெண்ணுக்குக் கற்பித்தால் குடும்பத்துக்கே கற்பித்ததாகும் என்று நாம் மேடைதோறும் சொல்கிறோம். அவர் அதைக் கோவ் லேனின் குடிசையில் செய்து காட்டினார்.

மதிலுக்கு உள்ளேயா, சந்திலேயா?

தமக்குப் பின் இப்பள்ளிகளை யார் நடத்துவது என்ற கவலை அவரைப் பிடித்துக் கொண்டது. பெண் கல்வியில் பெயர் பெற்ற ஊர்சுலின் கன்னியரைக் கார்க் நகருக்கு வரவழைக்க முடிவு செய்தார். அயர்லாந்து இளம்பெண்கள் நால்வர் பாரிஸில் அச்சபையின் மடத்தில் பயிற்சி பெற்றனர். அவர்களுக்காகத் தம் செலவிலேயே மடம் கட்டினார் நானோ. 1771-இல் அவர்கள் வந்து சேர்ந்தனர்.

ஆனால் எதிர்பாராத தடை ஒன்று எழுந்தது. ஊர்சுலின் சபையின் ஒழுங்கு அக்காலத்தில் அடைபட்ட மட வாழ்வைக் கட்டாயமாக்கியது. மதிலைத் தாண்டி வெளியே வர அக்கன்னியருக்கு அனுமதியில்லை. வசதியுள்ள வீட்டுப் பெண்களுக்கான விடுதிப் பள்ளியை அவர்கள் சிறப்பாக நடத்தினர். மடத்து வளாகத்துக்குள் வரும் ஏழைகளுக்கும் கற்பித்தனர். சந்துகளில் இருந்த பள்ளிகளுக்கோ அவர்களால் வர இயலாது. தம் பொருளைக் கொட்டி, இருபது ஆண்டுக் கனவைக் கட்டி முடித்த பின்னர், கட்டிய கதவு ஏழைப் பிள்ளை இருக்கும் பக்கம் திறக்காது என்று கண்டால் யார் மனம் உடையாது?

நானோ அக்கன்னியரைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்குத் தொடர்ந்து உதவினார். ஆனால் தம் வழியை மாற்றிக் கொள்ளவுமில்லை. முதுமை நெருங்கும் வயதில், 1775-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நாளில், மூன்று துணைவியருடன் புதிய சபையைத் தொடங்கினார். வெளியே சென்று ஏழைகளுக்குப் பணியாற்றுவதே அதன் நோக்கம். 1777-இல் கிறிஸ்து பிறப்பு நாளன்று ஐம்பது ஏழைகளை அமர்த்தி அவர்களுக்கு உணவு பரிமாறினர். ஆதரவற்ற மூதாட்டிகளுக்கு ஓர் இல்லமும் எழுந்தது. கைப்பொருள் கரைந்தபோது அம்மையார் பள்ளிகளுக்காக வீடு வீடாய், கடை கடையாய்க் கையேந்தினார். யாரோ பிச்சைக்காரி என்றெண்ணி வணிகர் ஒருவர் அவரை நெடுநேரம் காக்க வைத்தார் என்றும் சொல்வர்.

1782-இல் சட்டம் சற்றே இளகியது. அரசுத் திருச்சபையின் ஆயரிடம் உரிமம் பெற்றுக் கத்தோலிக்கர் பள்ளி நடத்தலாம் என்றாயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சட்டத்துக்கு மறைவாய்ப் பள்ளி நடத்தியவர், வெளிச்சத்தின் கீற்றைக் கண்டுவிட்டு, 1784 ஏப்ரல் 26-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

கடல் கடந்த கிளைகள்

அம்மையார் மறைந்தபோது சபையில் இருந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே. அது அழிந்து போயிருந்தால் வியப்பில்லை. அழியவில்லை. 1805-இல் பாப்பரசர் ஏழாம் பத்திநாதர் அதைத் துறவற சபையாக அங்கீகரித்தார். தேவதாய் ஆலயத்தில் காணிக்கையான திருநாளின் பெயரால் அது 'பிரசன்டேஷன் கன்னியர் சபை' என வழங்கலாயிற்று. அந்த அங்கீகாரத்துக்கும் ஒரு விலை இருந்தது. அடைபட்ட மட வாழ்வு இவர்களுக்கும் விதிக்கப்பட்டது. சந்துகளில் நடந்து திரிந்த அம்மையாரின் பெண் மக்கள், மடத்து மதிலுக்குள்ளேயே ஏழைகளுக்கான பள்ளிகளைக் கட்டி நடத்தலாயினர். அந்த அடைப்பு முற்றிலும் நீங்க இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆயினும் நோக்கம் மாறவில்லை. வாட்டர்ஃபோர்டு நகரில் எட்மண்ட் ரைஸ் என்பவர் 1802-இல் ஏழைச் சிறுவருக்காகத் தொடங்கிய பணிக்கும் இச்சபையின் ஒழுங்கே வழிகாட்டியாயிற்று.

1833-இல் இக்கன்னியர் நியூஃபவுண்ட்லாந்து சென்றனர். 1842 ஜனவரியில் ஒரு சிறு குழு மதராஸ் துறையில் வந்திறங்கியது. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869-இல். ஆகவே அவர்கள் பல மாதங்கள் கடலில் அல்லாடி வந்தவர்கள். அயர்லாந்தின் மேனூத் மடத்திலிருந்து புறப்பட்ட அக்குழுவுக்குத் தலைவியாயிருந்தவர் அன்னை சவேரியார் கரன். இன்று ஜார்ஜ் டவுன் என்று நாம் அழைக்கும் அன்றைய கறுப்பர் பட்டணத்தில் அவர்கள் மடமும் பள்ளியும் அமைத்தனர். அயர்லாந்துப் படைவீரரின் பிள்ளைகளையும் அநாதைச் சிறுமியரையும் பேணுவது தொடக்கப் பணி. பின்னர் நம் நாட்டுப் பெண்களுக்கும் கதவு திறந்தது.

அக்காலத்தை எண்ணிப் பாருங்கள். சென்னைப் பல்கலைக் கழகம் பிறந்ததே 1857-இல். பெண் கல்விக்கு அரசு ஆதரவு தர வேண்டும் என்று உட் என்பாரின் அறிக்கை சொன்னது 1854-இல். அதற்கெல்லாம் முன்பே இக்கன்னியர் இங்கே கரும்பலகைமுன் நின்றுவிட்டனர். அவர்களுடைய சர்ச் பார்க் பள்ளி 1909-இல் மவுண்ட் ரோட்டில் எழுந்தது. பின்னாளில் தமிழகத்தின் முதலமைச்சரான செல்வி ஜெயலலிதா அப்பள்ளியின் மாணவியே. உலகின் எந்த மூலையிலாவது ஓர் ஆன்மாவுக்குத் தம்மால் நன்மை விளையுமானால் இயன்றதெல்லாம் செய்வேன் என்று 1769-இல் அம்மையார் எழுதிய வாசகம், நம் ஊர்க் கடற்கரையில் நிறைவேறியது என்றால் மிகையாகாது.

அதே பத்தாண்டில் இன்னொரு விளக்கும் நம்மிடையே ஏற்றப்பட்டது. 1844-இல் புதுச்சேரியில் கூடிய மறைமாநிலச் சங்கத்தைத் தொடர்ந்து, துப்புய் அடிகளார் பெண் பிள்ளைகளின் கல்விக்கென்றே மரியாயின் மாசற்ற இருதய சபையைத் தோற்றுவித்தார். அதில் சேர்ந்தவர்கள் நம் தமிழ்ப் பெண்கள். அயர்லாந்து அம்மையார் எதை நம்பினாரோ, அதாவது கற்கும் இடத்திலிருந்தே கற்பிப்பவரும் எழ முடியும் என்பதை, நம் மண்ணின் மகளிரே மெய்ப்பித்துக் காட்டினர்.

நமக்கு எஞ்சியுள்ள பணி

2013 அக்டோபர் 31-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ், நானோ நேகிள் அம்மையாரை வணக்கத்துக்குரியவர் நிலைக்கு உயர்த்தினார். கார்க் நகரில் அவருடைய கல்லறையைக் காணத் திருப்பயணிகள் செல்கின்றனர். ஆற்றின் குறுக்கே ஒரு நடைபாலமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயரை மறைத்து வாழ்ந்தவருக்கு இவையெல்லாம் தாமாகவே வந்து சேர்ந்தன.

இன்று நம் நாட்டில் பெண்ணுக்குக் கற்பித்தால் சிறை இல்லை. சட்டமே கட்டாயக் கல்வியை வலியுறுத்துகிறது. ஆயினும் 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 73 பேரே. எஞ்சிய 27 பேர் யார்? அவர்களுள் சிலர் நாம் நாள்தோறும் கடந்து செல்லும் தெருவில் இருக்கலாம். ஞாயிறு பூசையில் பின் வரிசையில் நம் அருகிலேயே முழந்தாளிடலாம். பாடலேட்டைக் கையில் பிடித்தபடி, எழுத்து தெரியாததால் வாய் மட்டும் அசைக்கும் மூதாட்டியை எந்தக் கோயிலில்தான் காண முடியாது?

கத்தோலிக்கப் பள்ளி ஒன்றின் வளர்ச்சியை மாடிகளின் எண்ணிக்கையாலும் தேர்ச்சி விழுக்காட்டாலும் அளக்கும் வழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. தேர்ச்சியும் வேண்டும், மாடியும் வேண்டும். ஆனால் கார்க் நகரத்து அம்மையார் மதிலின் முன் நின்று எதிர்கொண்ட கேள்வி, பள்ளி நடத்தும் ஒவ்வொரு பங்கின் முன்னும் நிற்கிறது: நாம் கட்டிய வாசல் எந்தப் பக்கம் திறக்கிறது? கட்டணம் செலுத்த முடிந்தவர் வரும் பக்கம் மட்டுமா, சந்தில் நிற்கும் பிள்ளையின் பக்கமுமா?

பணம் இருப்பவர் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்கலாம். பணம் இல்லாதவர் மாலையில் ஒரு மணி நேரம் அண்டை வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொல்லலாம். மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் வீடு சந்திக்கும்போது, இடையில் படிப்பை நிறுத்திய பெண் பிள்ளை இருக்கிறாளா என்று ஒரு வார்த்தை விசாரிக்கலாம். இவற்றுக்குக் கல்வெட்டு வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம். முப்பது சிறுமியரோடு ஒரு குடிசையில் தொடங்கிய பணியை இறைவன் கடல் கடந்தும் வளரச் செய்தார். யூபிலியின் அருள் பொழியும் இவ்வாண்டில் நம் வாசலுக்கும் ஓர் ஏழைத் தகப்பன் வந்து, என் மகளைப் பள்ளியில் சேர்த்துக் கொள்ளுங்கள் என்று கேட்கட்டும். அவனைப் பைத்தியக்காரன் என்று நகைக்காமல் எழுந்து சென்று கதவைத் திறக்கும் மனத்தை இறைவன் நமக்குத் தந்தருள்வாராக!